கேட் மோட்டார் போர்டு: கடலோர வீடுகளில் கோளாறு பார்க்கும் வழி

தானியங்கி கேட் நின்றுபோனால் நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்தில் முதலில் காதில் விழும் வார்த்தை "போர்டு போச்சு" என்பதுதான். போர்டு என்றால் மோட்டாரை இயக்கும் கண்ட்ரோல் சர்க்யூட். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, பாலம் தாண்டினால் தங்கச்சிமடம், ராமேஸ்வரம், எங்கே போனாலும் இதே பேச்சு. புது போர்டு மாட்டுவார்கள், கேட் ஓடும். சில மாதம் கழித்து மறுபடி நிற்கும். உண்மையில் பல வீடுகளில் பழுதானது போர்டே இல்லை. அதில் வந்து முடிகிற கம்பி முனைகள்தான் பச்சை பூத்துக் கிடந்திருக்கும். போர்டு மாற்றும்போது ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி முறுக்கியதில் அந்தப் பச்சை கொஞ்சம் சுரண்டுப்பட்டு, தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்திருக்கும். அதற்குப் பல ஆயிரம் செலவு.

அதனால் இங்கே சொல்லும் வரிசை இதுதான்: முதலில் கம்பி முனை, அப்புறம் சென்சார், அப்புறம் மோட்டார், கடைசியாகத்தான் போர்டு.

கை வைப்பதற்கு முன்

கேட் போர்டுக்கு கரண்ட் மூன்று வழியில் வரலாம். இ.பி. லைன் ஒன்று. வீட்டு இன்வெர்ட்டர் இரண்டாவது. போர்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் பேட்டரி மூன்றாவது. பெரும்பாலான வீடுகளில் கேட்டை இன்வெர்ட்டர் லைனில்தான் கொடுத்திருப்பார்கள். ஆகவே தெருவில் கரண்ட் இல்லை, மெயினையும் இறக்கியாயிற்று என்று நம்பிப் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் உயிரோடு இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் "கரண்ட் இல்லாத நேரமாச்சே, இப்பவே பார்த்துடலாம்" என்று இறங்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை.

கேட்டுக்கான எம்சிபியை (ஓவர்லோடு, ஷார்ட்டில் தானாக விழும் சுவிட்ச்) இறக்குங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டை முனை எம்சிபியாக அது இருப்பது நல்லது. இன்வெர்ட்டர் அவுட்புட்டை நிறுத்துங்கள். பெட்டிக்குள் பேட்டரி இருந்தால் ஒரு முனையைக் கழற்றி டேப் சுற்றுங்கள். ஏசி மோட்டார் என்றால் அதன் கண்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடும் பழக்கம் வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியோடு இரண்டு முனையிலும் சில விநாடி வைத்தால் அமைதியாக இறங்கிவிடும்.

அதன் பிறகு மல்டிமீட்டர். முதலில் வேலை செய்கிற ஏதாவது ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து போர்டில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளக்க வேண்டும். மூன்றும் பூஜ்யம் காட்டினால் மறுபடி அதே பிளக்கில் மீட்டரைச் சோதித்துவிட்டுத்தான் விரல் உள்ளே போக வேண்டும். பாக்கெட் டெஸ்டர் மட்டும் போதாது.

230 வோல்ட் பக்கத்து வேலை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனுடையது. சென்சார், புஷ் பட்டன், ஆன்டெனா ஆகிய 24 வோல்ட் பக்கத்தை வீட்டுக்காரர் நிதானமாகப் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் ரிமோட் எல்லாவற்றையும் வாங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோதனைக்கு கரண்ட் கொடுக்கிற நேரம் பார்த்து, ரேக்கில் (கேட்டை நகர்த்தும் பல் பட்டையில்) உங்கள் கை இருக்கையில், மாடியிலிருந்து யாராவது பட்டனை அமுக்குவார்கள்.

கேட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது

மற்ற எல்லாக் கோளாறும் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. கேட் பக்கமே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். மழை பெய்து ஈரமான தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு லேசான அடி என்று ஒன்று கிடையாது.

காரணம் பெரும்பாலும் இரண்டு சேர்ந்தது. மோட்டாரிலோ ஜாயின்ட்டிலோ ஈரத்தால் கசிவு. அந்தக் கசிவு போய்ச் சேர வழியில்லாமல் அறுந்த எர்த். எஸ்.எம்.பி.எஸ். (மின்னணுப் பவர் சப்ளை) வைத்த போர்டுகளில் எர்த் விட்டுப்போனாலே, உள்ளே இருக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் வழியாக இரும்பில் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜ் மிதக்கும். அதில் ஓடும் கரண்ட் மிகச் சிறியது, விரலில் ஊறல் போலத் தெரியும். ஆனால் அது இந்த ஊறலா, நிஜக் கசிவா என்று தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

எர்த் கம்பி பூமிக்குள் இறங்கும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். கடலோர மணலில் ஜி.ஐ. பைப் தரைமட்டத்தில்தான் முதலில் அரிக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும், கிளாம்ப்பைப் பிடித்து ஆட்டினால் கையோடு வரும். மேல் மணல் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் ஆழமில்லாத எர்த் எதற்கும் உதவாது. ஈர மணலைத் தொடும் வரை செம்பு பூசிய ராடு இறங்க வேண்டும். கேட் பலகை, தூண் இரும்பு, மோட்டார் உடம்பு, போர்டு நான்கையும் அந்த எர்த்தோடு இணைக்க வேண்டும். கேட்டின் அடித்தளக் கம்பியையே எர்த்தாக வைத்துக்கொள்வதும், எர்த் கிடைக்கவில்லை என்று நியூட்ரலில் ஒரு துண்டுக் கம்பி போட்டு இணைப்பதும் கூடவே கூடாது. தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று கேட் முழுவதும் ஃபேஸ் ஆகிவிடும்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட்ஸ் பல்பு போட்டு எர்த் பார்க்கும் பழைய முறையை இங்கே செய்யாதீர்கள். எர்த் மோசமாக இருந்தால் அந்தப் பல்பு வழியாகவே இரும்பு முழுக்க கரண்ட் ஏறும். எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. எவ்வளவு வந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கேட்டுக்கு கரண்ட் கொடுக்க வேண்டாம்.

போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை

போர்டுக்கு வரும் எல், என் முனைகளில் 230 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் கோளாறு வழியில் இருக்கிறது, போர்டில் இல்லை. இருக்கிறது என்றால் ஃபியூஸ். கண்ணாடிக் குழாயில் கம்பி அறுந்து மட்டும் இருந்தால் ஓவர்லோடு. கண்ணாடியே கருத்துப்போயிருந்தால் ஷார்ட். பக்கத்திலேயே வட்டமாக, நீலம் அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை இருக்கும். எம்.ஓ.வி. என்பார்கள். அது வெடித்திருந்தால் வோல்டேஜ் எகிறியிருக்கிறது என்று பொருள். போர்டைக் காப்பாற்ற அது தன் உயிரைக் கொடுத்திருக்கும். பல நேரம் எம்.ஓ.வி.யும் ஃபியூஸும் மாற்றினாலே போர்டு எழுந்துவிடும். ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பி சுற்றினால் அடுத்த முறை மாற்றுவதற்கு போர்டே மிச்சமிருக்காது.

ஏன் எகிறியது என்று பார்க்காமல் விட்டால் இது திரும்ப வரும். மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் கம்பத்து நியூட்ரல் ஜாயின்ட் உப்பரித்துத் தளர்ந்தால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் 300க்கு மேலேகூடப் போகும். சில அறைகளில் விளக்கு மங்கி, சில அறைகளில் பளிச்சென்று எரிந்தால் அதுதான். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் கொடுங்கள். இடி மின்னல் காலத்துக்கு டி.பி. (மின் பகிர்வு) பெட்டியில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். அதுவும் எர்த் ஒழுங்காக இருந்தால்தான் வேலை செய்யும்.

இந்த இடத்தில் கம்பி நிறம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ். வெளிநாட்டுத் தயாரிப்பு கேட் மோட்டாரோடு வரும் கேபிளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய பழக்கத்தில் நீலத்தை ஃபேஸ் என்று எடுத்து, பச்சை-மஞ்சளை "இது எதுக்கு" என்று சுருட்டி வைத்த இணைப்புகள் நிறைய உண்டு. மோட்டாருக்குப் போகும் கம்பிகளில் நீலம் பெரும்பாலும் காமன் (பொது முனை). மற்ற இரண்டும் திறக்க, மூட. நிறத்தை நம்பாமல் மோட்டார் கையேட்டையும் மீட்டரையும் நம்புங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஊருக்கு வரும்போது பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த மோட்டார்களில் தகட்டையும் படியுங்கள். சவூதியில் வாங்கியதென்றால் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கலாம். நம் 50 ஹெர்ட்ஸில் ஏசி மோட்டார் மெதுவாகச் சுற்றும், அதிகமாகச் சூடாகும்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது

அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். போர்டிலிருந்து மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஏற்றிப் பாருங்கள். நின்றால் மோட்டாரிலோ அதன் கேபிளிலோ கசிவு. இன்னும் விழுந்தால் போர்டையே கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து வரும் கேபிளை மட்டும் பாருங்கள். மண்ணுக்குள் போட்ட ஜாயின்ட்தான் பெரும்பாலும் மாட்டும். மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) 500 வோல்ட் வைத்துப் பார்ப்பதானால் கேபிளின் இரண்டு முனையும் கழன்றிருக்க வேண்டும்; போர்டோடு சேர்த்து மெக்கர் வைத்தால் அதற்கு அன்றே முடிவு. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தக் கேபிளை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள்.

கசிவே இல்லாமல், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் மட்டும் விழுகிறதா? கேட்டின் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது. ஃபேஸ் எந்த ஆர்சிசிபி வழியே போகிறதோ, நியூட்ரலும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும்.

விடியற்காலையில் தகராறு, பத்து மணிக்கு மேல் ஒன்றுமில்லை

இது நம் கடற்கரைக்கே உரிய அறிகுறி. மெக்கானிக் பதினொரு மணிக்கு வருவார், கேட் சமர்த்தாக ஓடும், "ஒண்ணும் இல்லையே" என்று போய்விடுவார்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்னாலேயே கசியும். மாதக்கணக்கில் போர்டின் மேல் படிந்த பொடி, பனி இறங்கும் நேரத்தில் கரண்ட் கடத்தும் படலமாகிறது. வெயில் ஏறினால் காய்ந்துவிடுகிறது. ராமேஸ்வரம் தீவில் வடக்குப் பக்கத்துப் பெண் கடல் பார்த்த வாசலுக்கு வாடைக் காலத்திலும், தெற்குப் பக்கத்து ஆண் கடல் பார்த்த வாசலுக்குத் தென்மேற்குக் காற்றடிக்கும் ஆனி, ஆடியிலும் இந்தப் பொடி அதிகம் ஏறும்.

டெர்மினல்களைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், எல்லா கரண்டையும் நிறுத்தி, ஒவ்வொரு கம்பியும் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துவிட்டு, போர்டை வெளியே எடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் மெல்லிய டூத் பிரஷும் போதும். உப்பு தண்ணீரில்தான் கரையும். வெறும் ஸ்பிரே அடித்தால் அது அங்கேயே இருக்கும். கழுவிய பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காய வையுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் போட்ட கதைதான். கேட்டையும் போர் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவதை நிறுத்துங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

கம்பி முனைகளை அப்படியே மாட்டாதீர்கள். தோலைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு கருத்திருக்கும். பளபளப்பு வரும் வரை வெட்டுங்கள். அரை அடி வெட்டியும் கறுப்புதான் என்றால் கேபிள் முடிந்தது. புதிதாகப் போடுவதானால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கேளுங்கள், விலை கூடினாலும் தகும். முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழாய்) மாட்டிக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது நசுக்கி இறுக்குங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் போகும் முனையில் சால்டர் வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்லத் தட்டையாகி ஸ்க்ரூ தளரும், தளர்ந்த இடம் சூடாகும்.

திறக்கிறது, மூட மாட்டேன் என்கிறது

சென்சார் பக்கம். இதைப் புரிந்துகொள்ள ஒரு அடிப்படை தெரிய வேண்டும். ஸ்டார்ட் பட்டன் என்.ஓ. வகை: அமுக்கினால்தான் தொடர்பு. ஸ்டாப், போட்டோ சென்சார் (குறுக்கே ஆள் வந்தால் உணரும் கண்), பெரும்பாலும் லிமிட் சுவிட்சுகள் (கேட் கடைசிக்கு வந்ததும் நிறுத்துபவை) எல்லாம் என்.சி. வகை: எப்போதும் தொடர்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும், விட்டுப்போனால் போர்டு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும். கம்பி அறுந்தாலும் கேட் யார் மேலும் மோதாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இப்படி. ஆக, பச்சை பூத்த ஒரே ஒரு முனை போதும், எதிரே ஆள் நிற்பதாக போர்டு நினைப்பதற்கு.

பல போர்டுகளில் ஒவ்வொரு என்.சி. இணைப்புக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஒழுங்காக இருந்தால் எரியும். எரியாததுதான் குற்றவாளி. அந்த முனையையும் காமனையும் சோதனைக்காக மட்டும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்து கேட் மூடினால் போர்டு நல்லது, கோளாறு சென்சார் கம்பியில். சில போர்டுகள் ஓடும் முன் அனுப்பும் கண்ணை ஒரு கணம் அணைத்து, வாங்கும் கண் உணர்கிறதா என்று சோதிக்கும். அந்த வசதி ஆனில் இருந்தால் துண்டுக் கம்பி போட்டதும் கேட் அசையவே அசையாது. அதைப் பார்த்து போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சென்சாருக்குக் கம்பி கொடுக்கும் விதம்: அனுப்பும் கண்ணுக்கு 24 வோல்ட் இரண்டு கம்பி. வாங்கும் கண்ணுக்கு அதே இரண்டோடு, ரிலேயின் காம் (காமன்), என்.சி. இரண்டு. என்.சி.க்குப் பதில் என்.ஓ.வில் மாட்டியிருந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும். ஆள் நின்றால் மூடும், இல்லாவிட்டால் மூடாது.

காலை வேளையில் மட்டும் மூடவில்லை, ஆனால் போர்டு உலர்ந்து சுத்தமாக இருக்கிறது என்றால் வெயிலைப் பாருங்கள். கிழக்குக் கடல் பார்த்த வாசலில் உதய வெயில் வாங்கும் கண்ணுக்குள் நேராக விழும். அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. கண்ணாடியின் மேல் உப்புப் படலம், உள்ளே சிலந்தி, எறும்புப் புற்று இவையும் உண்டு.

சென்சாரைச் சரிசெய்யாமல் அந்தத் துண்டுக் கம்பியை நிரந்தரமாக விட்டுப் போகிற வேலைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. சில நூறு கிலோ இரும்பு, குறுக்கே ஓடும் பிள்ளையைப் பார்க்கும் கண்ணைக் கட்டிவிட்டு ஓடுகிறது. சோதனைக் கம்பியைப் பளிச்சென்ற சிவப்பில், ஒரு முழம் நீளமாக வையுங்கள். பெட்டியை மூடும்போது வெளியே தொங்கி, இருக்கிறேன் என்று சொல்லும்.

யாரும் அமுக்காமல் தானாகத் திறக்கிறது

ஸ்டார்ட் முனையில் இருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு ஓர் இரவு விடுங்கள். நின்றுவிட்டால் புஷ் பட்டனிலோ இன்டர்காமிலோ ஈரம், அல்லது பல்லி. நிற்கவில்லை என்றால் ரிமோட்: ஏதோ ஒன்று சோபா இடுக்கில் அமுங்கிக் கிடக்கலாம். ரிசீவர் நினைவகத்தை அழித்துவிட்டு, கையில் இருக்கும் ரிமோட்களை மட்டும் மறுபடி பதியுங்கள்.

230 வோல்ட் கேபிளும் பட்டன் கம்பியும் ஒரே பைப்பில் வந்தாலும் இது நடக்கும். மோட்டார் ஓடும்போது தூண்டல் வோல்டேஜ் ஏறி ஸ்டார்ட் கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், பைப்புக்குள் தோல் உரிந்தால் 230 வோல்ட் நேராக நீங்கள் விரல் வைக்கும் பட்டனுக்கு வரும். இரண்டுக்கும் தனித்தனிப் பைப், இதில் சமரசம் கிடையாது.

உறுமுகிறது, நகரவில்லை

கரண்டை நிறுத்தி, சாவி போட்டுக் கிளட்ச்சை விடுவித்து, கையால் தள்ளுங்கள். கைக்கே கனமாக இருந்தால் வயரிங்கைத் தொடவே வேண்டாம். தண்டவாளத்தில் மணல், துருப்பிடித்த சக்கரம். கையால் லேசாக ஓடினால் கண்டென்சரைப் பாருங்கள். மைக்ரோஃபாரட் அளக்கும் மீட்டரில், மேலே அச்சிட்ட அளவைவிட பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். ஏசி மோட்டாரில் காமனிலிருந்து திறக்கும் முனைக்கும், காமனிலிருந்து மூடும் முனைக்கும் ஒரே அளவு ஓம் வர வேண்டும். திறக்கும் முனைக்கும் மூடும் முனைக்கும் நடுவே அதன் இரட்டிப்பு. இது பொருந்தினால் வைண்டிங் நலம்.

இ.பி. கரண்டில் ஓடி, இன்வெர்ட்டரில் மட்டும் உறுமினால் அது சதுர அலை இன்வெர்ட்டர். கேட்டை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் போய்த் திரும்புகிறது, அல்லது முட்டும் வரை நிற்பதில்லை

திசை மாறி ஓடுகிறது என்று மோட்டாரின் திற, மூடு கம்பிகளை மட்டும் மாற்றிப்போட்டால் லிமிட் சுவிட்சுகள் எதிரெதிராகிவிடும். அவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கேட்டைப் பாதியில் வைத்து, கையை எம்சிபியில் வைத்துக்கொண்டு முதல் ஓட்டம் பாருங்கள்.

நடுவழியில் திரும்புவதற்கு, மணல் இல்லை என்றால், காற்றுதான் காரணம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். தகரம் அடைத்த இரட்டைக் கதவு கேட் அந்தக் காற்றில் பாய்மரம் மாதிரி. காற்றை ஜெயிக்க போர்டில் ஃபோர்ஸை (மோட்டார் தள்ளும் பலத்தை) கடைசி வரை திருகி வைத்தால், ஆள் மாட்டினாலும் திரும்பாது. கீழ்ப்பாதித் தகரத்தைக் கழற்றிக் கம்பி வலை அடியுங்கள்.

ரிமோட் பக்கத்தில் வந்தால்தான் எடுக்கிறது

ரிமோட் பேட்டரி, பிறகு ஆன்டெனா. 433.92 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 17.3 செ.மீ. கம்பி அரித்துக் குட்டையாகியிருந்தால் அந்த நீளத்தில் புதிதாக ஒன்று போடுங்கள். இரும்புத் தூணோடு ஒட்டிக் கட்டாதீர்கள். கேட் விளக்காக மலிவு எல்இடி மாட்டியிருந்தால் அதை அணைத்துவிட்டும் ஒருமுறை சோதியுங்கள்.

பெட்டியை மூடும்போது

கேபிள்கள் கீழ்ப்பக்கம் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி ஓட்டையை அடைக்கும் மூடி) வழியாக மட்டும் நுழைய வேண்டும். நுழையும் முன் கீழே தொங்கி வளைந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தரைக்குள்ளிருந்து வரும் பைப்பின் வாயைக் கெட்டியாகாத புட்டியால் அடையுங்கள். மழையைவிட, அந்தப் பைப் வழியாக ஏறும் ஈரக்காற்றுதான் போர்டை அதிகம் கெடுக்கிறது. எறும்பும் பல்லியும் அதே வழியில்தான் வருகின்றன. சிலிகான் வாங்கும்போது நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், மூடிய பெட்டிக்குள் செம்பை அரிக்கும். ஸ்க்ரூக்கள் 316 ஸ்டெயின்லெஸ்.

கரண்ட் கொடுத்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா பாருங்கள். கேட் மூடும்போது சென்சார் குறுக்கே ஒரு கட்டையை நீட்டுங்கள். உடனே நிற்க வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். அப்புறம் இ.பி. மெயினை இறக்கி, பேக்கப்பில் ஒருமுறை திறந்து மூடுங்கள். சாவி போட்டுக் கையால் திறப்பது எப்படி என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் செய்து காட்டுங்கள். சாவி கேட்டுக்கு உள்பக்கம் மட்டும் இருந்தால், வெளியே மாட்டிக்கொண்டவருக்குப் பயன்படாது.